ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அப்பா

அன்புராசா ரோலர் கோஸ்டரில் ஏறமாட்டார். ஊஞ்சலில் இரண்டு தரம் ஆடினாலே தலை சுற்றுகிற மனிதர். ஆகவே வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனால் அவருக்கு ஒரே ஒரு உத்தியோகம்தான்: பை பிடிப்பது. மகள் நிலாணி வரிசையில் நிற்பாள், மேலே போவாள், கத்துவாள், கீழே வருவாள். அவர் இறங்கும் வாசலுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். தொலைபேசி, தண்ணீர்ப் போத்தல், தலைமயிர் கட்டுகிற பட்டி எல்லாம் அந்தப் பைக்குள். அந்த வாங்குகளைச் சற்று உற்றுப் பார்த்தால் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் இதே உத்தியோகத்தில் இருப்பது தெரியும்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. பத்தொன்பதில் ஊரைவிட்டுத் தனியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீடொன்றில் ஆறு பெடியன்களோடு முறைவைத்துத் தூங்கியவர். இப்போது மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடமொன்றில் தட்டு அடுக்குகிறார். இரவு வேலை. எந்தத் தட்டில் எது எந்த மூலையில் இருக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாழ்க்கையில் மற்ற எதையும் அப்படிச் சரியாக அடுக்க அவருக்கு வாய்க்கவில்லை. மனைவி தர்மினியோடு பதின்மூன்று வருடம் வாழ்ந்தார். குடி இல்லை, அடி உதை இல்லை. இரவு வேலைக்காரனும் பகல் வேலைக்காரியும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டிக் குடும்பம் நடத்தினால் என்ன ஆகுமோ, அது ஆனது. பிரிந்து மூன்று வருடம். நிலாணி தாயோடு றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை அவள் தகப்பனுக்கு.

அந்த ஒன்பது மணித்தியாலத்துக்காகத்தான் மனிதர் மிச்சப் பதின்மூன்று நாளும் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகை இல்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் பயம் பிடித்துவிடும். என்ன கதைப்பது? பதினொரு வயதாகிவிட்டது. முன்பு வாய் மூடாமல் கதைத்த பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் "ஃபைன்" என்கிறாள். அன்றைக்கும் காரில் ஏறியதும், "பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்டார்.

"அப்பா, இட்ஸ் ஓகஸ்ட்."

ஓகஸ்ட் முழுக்கப் பள்ளி விடுமுறை. மிச்ச நெடுஞ்சாலைக்கு அவர் வானொலியைப் போட்டுவிட்டார்.

சாப்பாடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் கார் நிறுத்துமிடத்தில், டிக்கியைத் திறந்துவைத்து, ஆளுக்கு இரண்டு மட்டன் ரோல் நின்றபடியே சாப்பிட்டார்கள். உள்ளே போனதும் அடுத்தடுத்து இரண்டு சவாரி. இரண்டாவதில் இருந்து இறங்கிய நிலாணி, அப்பாவின் பக்கம் வராமல், "வாஷ்ரூம் போட்டு வாறன்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு நேரே ஓடினாள். அப்போது பன்னிரண்டு நாற்பது.

பத்து நிமிடம் போனது. உள்ளே வரிசையாக்கும் என்று நினைத்தார். இருபது நிமிடம் போனது. அவளுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தொலைபேசியும் அவர் மடியில் இருக்கிற பைக்குள். வேறு வாசல் இருக்குமோ? மயங்கி விழுந்திருப்பாளோ? யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்களோ? மனம் போகக்கூடாத இடமெல்லாம் போய் வந்தது. எழுந்து போய்க் கதவருகில் நின்று, "நிலா!" என்று கூப்பிட்டார். பிறகு இன்னும் பலமாக, "நிலா! பிள்ளை!" பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்துகிற கறுத்த, மீசைக்கார மனிதரை உலகம் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் பார்த்தது. ஒரு வெள்ளைக்காரத் தாய் தன் பிள்ளையை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போது உள்ளேயிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் வந்தார். அவரும் எங்கள் நாட்டவர்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"நீங்கதானே நிலாணிட வாப்பா? பிள்ளை பேக்கைக் கேக்குது. ஒன்டும் பயப்படாதீங்க. நான் உள்ளுக்கு நிக்கிறேன்."

பையை வாங்கிக்கொண்டு அவர் போன கையோடு அன்புராசாவின் தொலைபேசி அடித்தது.

"அப்பா."

"என்ன பிள்ளை? விழுந்திட்டீங்களே? எங்கை நோகுது?"

"இல்லை. டோன்ட் பி வியர்ட், ஓகே? எனக்கு பீரியட்ஸ் வந்திட்டுது."

அன்புராசா வானத்தைப் பார்த்தார். அங்கே நாற்பது பேர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தினார்கள்.

"அழுறீங்களே அம்மா?"

"நோ. லிட்டில் பிட். ஹெல்த் கிளாசிலை படிச்சனாங்கள், எனக்குத் தெரியும். ஆனா என்னட்டை ஒண்டும் இல்லை. பாட் வேணும். ஒரு ஷோர்ட்ஸும் வேணும், கறுப்பு."

முதலுதவி நிலையத்தைத் தேடிக்கொண்டு ஓடினார். அங்கே பதினெட்டு வயது மதிக்கக்கூடிய பிள்ளை ஒன்று இருந்தது. கேட்கவேண்டிய சொல் தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. கடைசியில், "எனக்கில்லை, என் மகளுக்கு" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். அந்தப் பிள்ளை காகிதப் பை ஒன்றை நீட்டியது. மூன்று தரம் நன்றி சொன்னார். அடுத்தது கடை. கறுப்பு ஷோர்ட்ஸ் இருந்தது, கரையில் பச்சை டிராகன் ஒன்றோடு. என்ன அளவு? மகளின் உயரம் தெரியும், ஒவ்வொரு சவாரி வாசலிலும் அளந்து பார்க்கிறார்களே. இடுப்பளவு தெரியாது. மூன்று வருடமாக அவளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்கிற வேலை அவருக்கு இருக்கவில்லை. அது அங்கே, அந்தக் கடைக்குள், நெஞ்சில் குத்தியது. மூன்று அளவிலும் ஒவ்வொன்று வாங்கினார்.

முக்காடு போட்ட பெண் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, கால் மணித்தியாலம் கழித்து நிலாணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கெட்டிக்காரப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளிடம் போனார். அவருக்கு அன்புராசா ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

நிலாணி முன்னால் நின்றாள். அவர் நிலத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கலாமோ கூடாதோ? சடங்குக்குத் தண்ணீர் வார்க்கும்வரை ஆம்பிளைகள் முகத்தில் முழிக்கக்கூடாது என்று சொல்வார்களே. முப்பதாயிரம் பேருக்கு நடுவில் அந்தச் சட்டத்தை எந்த மூலைக்குக் கொண்டுபோவது? அவர் முடிவெடுக்க முன்னமே பிள்ளை வந்து அவருடைய நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை.

வாங்கில் இருந்தார்கள். அவள் சின்னவிரலை நீட்டினாள்.

"ப்ராமிஸ் பண்ணுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அப்பா."

"அம்மாவுக்கு?"

"அம்மாக்கு நான் சொல்லுவன். எனக்கு ரெடி ஆன பிறகு. இப்ப சொன்னா உடனை சாமத்தியச் சடங்கெண்டு ஹோல், மேக்கப், பல்லக்கு. லக்சிகா அக்காக்கு மாமி செய்தது தெரியும்தானே? அவட கிளாஸ் பெடியள் எல்லாம் டிக்டாக்கிலை பாத்தவங்கள். ஷீ க்ரைட் ஃபார் எ வீக். ஐ வில் டை, அப்பா. உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்."

அன்புராசா தன் தடித்த சின்னவிரலைக் கொடுத்தார். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். உள்ளதைச் சொல்வதென்றால், அவருக்கு அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாய்க்குத் தெரியாத ஒன்று, ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று, மகளுக்கும் தனக்கும் மட்டும் தெரியும். மூன்று வருடமாக அவர் பின்னால் திரிந்து கேட்டதெல்லாம் இதைத்தானே.

வீட்டுக்குப் போவோமா என்று கேட்டார். அவள் சிரித்தாள். ஆகப் பெரிய கோஸ்டரில் இன்னும் ஏறவில்லையே! வயிறு கொஞ்சம் நோகிறதுதான், இட்ஸ் நோர்மல். பையைக் கொடுத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். ஐம்பது நிமிட வரிசை.

அந்த ஐம்பது நிமிடம்தான் மனிதரைக் கெடுத்தது. தனியே இருந்து யோசிக்கத் தொடங்கினார். இந்த நேரத்தில் இவ்வளவு உயரத்தில் ஏறலாமா? மேலே போய் மயங்கினால்? வயிற்றுநோவுக்கு என்ன குளிசை கொடுப்பது, பதினொரு வயதுக்கு எத்தனை? அவருக்கு ஒன்றுமே தெரியாது. இணையத்தில் தேடலாம்; அதில் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது என்றுகூடத் தெரியவில்லை. உலகத்தில் அவருக்குக் கேட்க இருந்தது ஒரே ஒரு ஆள், மார்க்கம் நகரில் இருக்கும் தமக்கை பாலேஸ்வரி, நிலாணி சொன்ன அந்த மாமி. விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டால் என்ன? அதில் பிழை இல்லையே. அப்படித்தான் அந்த அப்பாவி நினைத்தார்.

"அக்கா, சும்மா கேக்கிறன். பிள்ளையளுக்கு வயித்துக்குத்து எண்டா என்ன குடுக்கிறது?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"எத்தினை மணிக்கு?"

"என்ன எத்தினை மணிக்கு?"

"டேய், எனக்கு விளையாட்டுக் காட்டாதை. நிலா பெரியபிள்ளை ஆகிட்டாள் என்ன? எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான். நேரம் குறிக்கவேணும். என்ன நிறச் சட்டை போட்டிருந்தவள்?"

அன்புராசாவுக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று சொல்வதற்கில்லை. அவருக்கு அதற்கு வேண்டிய வேகம் இல்லை, அவ்வளவுதான். "பன்னிரண்டு நாப்பது... ஊதா" என்று வந்துவிட்டது.

"சனிக்கிழமையாக் கிடக்கு. ஐயரிட்டைக் கேப்பம். பிள்ளை எங்கை இப்ப? பக்கத்திலை நிக்கிறாளே? வெளியிலை விடாதை, கண்டதையும் தின்னக் குடுக்காதை."

"அவ... கோஸ்டருக்கு வரிசையிலை நிக்கிறா."

"ஐயோ கடவுளே! ஆகாயத்திலையோ?"

"அக்கா, காலிலை விழுந்து கேக்கிறன். பிள்ளைக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தர்மினிக்கும் தெரியாது."

"நான் என்ன ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிற ஆளே? வை போனை."

பாலேஸ் அக்காவைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் ஊருக்குச் சொல்லவும் இல்லை. தன் மகள் லக்சிகாவுக்குச் சொன்னார், அது வீட்டுக்குள். லண்டனில் இருக்கும் சின்னத் தம்பிக்குச் சொன்னார், அவன் சித்தப்பன், உரிமை உள்ளவன். அந்தச் சித்தப்பன் குடும்பக் குழுவில் ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டான். எல்லாம் பாசத்தில் நடந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் நடந்தது.

அன்புராசாவின் மடியில் இருந்த பை அதிர்ந்தது. நிலாணியின் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். திரை பூட்டியிருந்தது, ஆனால் வந்து விழுகிற செய்திகளின் முதல் வரி வெளியே தெரிந்தது. லக்சிகா அனுப்பியது. பிறகு லண்டனில் இருந்து. பிறகு யாரென்றே அவருக்குத் தெரியாத ஒருவர்: "எங்கள் நிலாக்குட்டிக்கு வாழ்த்துகள்". ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அழிக்கத் தெரியாது. திறக்கத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தார். மகள் வரிசையின் கடைசி வளைவில் நின்று, தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். அவரும் கையைக் காட்டினார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டார்.

அவள் இறங்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலைமயிர் கலைந்து, ஐந்து வயதில் வந்ததுபோல ஓடிவந்தாள்.

"அப்பா! பெஸ்ட் டே எவர்! சீரியஸ்லி! போனைத் தாங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் ஒரு படம் எடுப்பம்."

"போன்... சார்ஜ் இல்லைப் போலை."

"நான் ஃபுல்லா சார்ஜ் பண்ணினனான்."

அவளே பைக்குள் கைவிட்டு எடுத்து, நிறுத்தியிருந்த தொலைபேசியின் பொத்தானை அமத்திப் பிடித்தாள். திரை வெளிச்சமாகியது. அன்புராசாவுக்கு ஓடவும் முடியவில்லை, பறிக்கவும் முடியவில்லை. பிள்ளை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் மெல்ல மேலே தள்ளியது, இன்னும் தள்ளியது. முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம்.

"பிள்ளை, அப்பா பயந்துபோனன். அப்பாக்கு ஒண்டும் தெரியாது. மருந்து கேக்கத்தான்..."

"ஓகே" என்றாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குச் சொல்கிற மாதிரி.

காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். தர்மினி இரண்டு தரம் அழைத்தாள். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தார். "நேரை வீட்டை கொண்டு வாங்கோ" என்ற நாலு சொல்லோடு தொடர்பு அறுந்தது. மன்னிப்புக் கேட்க அன்புராசா ஐந்தாறு தரம் வாயெடுத்தார். ஒவ்வொரு தரமும் ஒரு பாரவண்டி முந்தியது, அல்லது பாதை பிரிந்தது, அல்லது அவருக்குச் சொல் கிடைக்கவில்லை.

றிச்மண்ட் ஹில் வீட்டு வாசலில் நாலு கார் நின்றது. அதில் ஒன்று பாலேஸ் அக்காவுடையது. பிரிவுக்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்காதவர், தர்மினியின் பெயரைக்கூட வாயில் எடுக்காதவர், இன்றைக்கு மாமி முறைக்கு, சடங்குப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிற நல்லெண்ணெய்ப் போத்தலும் ஒரு தட்டம் முட்டையுமாக வந்து நின்றார். கராஜ் கதவு திறந்திருந்தது. காரை நிறுத்தியதும் ஒரு வெள்ளைச் சால்வையோடு தர்மினி ஓடிவந்து, மகளின் தலையில் போட்டு முகத்தை மூடினாள். "ஆம்பிளையள் அங்காலை தள்ளி நில்லுங்கோ" என்று பாலேஸ் அக்கா சத்தம் போட்டார். அங்கே நின்ற ஒரே ஆம்பிளை அன்புராசாதான். அவர் தள்ளி நின்றார்.

தர்மினி அவர் பக்கம் திரும்பினாள்.

"பெத்தவள் நான். லண்டனிலை இருந்து ஒருத்தர் வாழ்த்துச் சொல்லி எனக்குத் தெரியவேண்டிக் கிடக்கு. எனக்கு ஒரு கோல் எடுக்க உங்களுக்குக் கை வரேல்லை, அக்காவுக்கு எடுக்க வந்தது, என்ன?"

"தர்மினி, நான்..."

"ஒண்டும் சொல்லவேண்டாம். ஒரு பிள்ளையை ஒரு நாள் பாக்கத் தெரியாது. திங்கக்கிழமை லோயரோடை கதைக்கிறன். இனி இந்தச் சனிக்கிழமைக் கதையே வேண்டாம்."

அவள் சொன்னால் செய்வாள். சனிக்கிழமை இல்லாவிட்டால் அவரிடம் மிச்சம் இருந்தது தட்டுகள் மட்டும்தான்.

சால்வைக்குள் இருந்து குரல் வந்தது.

"அம்மா, ஸ்டாப். நான்தான் சொல்லச் சொன்னனான்."

"என்ன?"

"நான்தான் அப்பாவை மாமிக்குக் கோல் பண்ணச் சொன்னனான். அப்பா அம்மாக்குத்தான் சொல்லுவம் எண்டவர். நான்தான் மாமிக்குச் சொல்லச் சொன்னனான்."

தர்மினியின் கை மகளின் தோளில் இருந்து மெல்ல இறங்கியது. "எனக்குச் சொல்லாமல் மாமிக்கோ?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"ஓம்."

பாலேஸ் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே! மாமியைத்தான் தேடியிருக்குது பிள்ளை. அப்ப வேறை என்ன கதை? பிள்ளைக்கும் விருப்பம்தானே, வடிவாச் செய்வம். செப்டெம்பரிலை ஒரு நல்ல ஹோலாப் பாத்து, பல்லக்கும் வைச்சு, லக்சிகாவுக்குச் செய்ததிலும் பாக்கத் திறமாச் செய்வம். என்ன பிள்ளை, ஓமோ?"

சால்வை அசையவில்லை. அன்புராசாவுக்கு மகளின் முகம் தெரியவில்லை. பச்சை டிராகன் போட்ட ஷோர்ட்ஸும், ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்ற இரண்டு சப்பாத்தும்தான் தெரிந்தன. இப்போது அவர் ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளை பொய் சொல்கிறாள், நான்தான் வாக்கை முறித்தேன், அவளுக்குக் கொண்டாட்டம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் போதும். சொன்னால் பல்லக்கு போய்விடும். சனிக்கிழமையும் போய்விடும்.

"ஓம் மாமி" என்றாள் நிலாணி.

பெண்கள் அவளை நடுவில் விட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அன்புராசா வாயைத் திறக்கவில்லை.